தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, மாடி

கணவனுக்குத் தெரியாமல் ஒரு பெண் தங்கியிருந்த வீட்டின் முகவரியை, அந்தக் கணவன் கையிலேயே கிடைக்கும்படி எழுதிக் கொடுத்தவன் நான். அதோடு நிற்கவில்லை. பழி வேறு ஒரு குடும்பத்தின் மேல் விழுந்தபோது, நான்கு நாள் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில், வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு உதவுகிற சிறிய மையம் ஒன்று இருக்கிறது. வக்கீல் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்றபடி காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் அந்தப் பெண்களோடு துணைக்குப் போக ஆள் வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்டு மனு எழுத ஆள் வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும். சேர்ந்தேன்.

துணைக்குப் போவதென்றால் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான். "குடிப்பாராம்மா?" என்று காவல் நிலையத்தில் கேட்பார்கள். இல்லை என்று அந்தப் பெண் சொல்வாள். "குடிக்க மாட்டாரு, வேலைக்குப் போறாரு, அப்புறம் என்னதான் பிரச்சனை?" குடிக்காமலே அடிக்கிறார் என்று நான் நடுவில் சொன்னால், "நீங்க இவங்க அப்பாவா?" இல்லை என்றால், "அப்ப வெளியில உக்காருங்க சார்." மறுபடியும் பெஞ்ச். மூன்று நகல் கேட்டவர்கள் நான்காவது எங்கே என்பார்கள். ஜெராக்ஸ் கடையில் மின்சாரம் இருக்காது. எல்லோர் மேலும் எனக்கு எரிச்சலாக வரும். என்னைத் தவிர எல்லோரும் வேலையை அரைகுறையாகச் செய்கிறார்கள் என்பது அந்த நாட்களில் என் உறுதியான அபிப்பிராயம்.

மையத்தின் பொறுப்பாளர் என்னைவிட இருபது வயது இளைய அம்மாள். முதல் நாளே ஒன்று சொன்னார்: "அவங்க எங்க தங்கியிருக்காங்கன்னு கேக்காதீங்க. தெரிஞ்சாலும் எழுதாதீங்க. மனுவோட நகல் அந்த ஆளுக்கும் போகும்." நான் தலையாட்டினேன். ஆனால் மனதுக்குள் இதுவும் ஒரு அரைகுறை என்றே தோன்றியது. ஒரு முறை நான் எழுதிய மனு 'முகவரி முழுமையாக இல்லை' என்று பென்சிலில் குறித்துத் திரும்பி வந்தது. என் பணிக்காலம் முழுவதும் மற்றவர்கள் மனுக்களை அப்படித் திருப்பி அனுப்பியவன் நான். எனக்கே வந்தது பொறுக்கவில்லை.

அதற்கு அடுத்து வந்தவள்தான் இந்தப் பெண். முப்பது வயது இருக்கும். கூவம் கரையில் பிறந்து, வீட்டை இடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்த குடும்பம். தி.நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தவள். கணவனுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை. கடைக்கு வந்து தகராறு செய்வான் என்று வேலையை விட்டுவிட்டு, கூட வேலை செய்த தோழியின் வீட்டு மாடியில் தங்கியிருந்தாள். கொட்டிவாக்கத்தில், கடற்கரைப் பக்கம். தோழியின் அம்மா மீன் விற்பவர்.

பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போகிற மனுவில், 'தற்போது வசிக்கும் முகவரி' என்று ஒரு கட்டம். மையத்தின் முகவரியைத்தான் அதில் எழுத வேண்டும். நான் பேனாவை நிறுத்தி அவளிடம் கேட்டேன். அவள் தயங்காமல் சொன்னாள். நான் கேட்டால் காரணம் இருக்கும் என்று நம்பினாள். கதவு எண், தெருப் பெயர் எல்லாம் எழுதினேன். நோட்டீஸ் கொண்டுபோகிறவர் அலையக் கூடாது என்று, 'தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, மாடி' என்றும் சேர்த்தேன். பொறுப்பாளர் அன்று வெளியூர் போயிருந்தார். வக்கீல் அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். மனு திரும்பி வரவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமை.

மூன்றாவது வாரம் அவன் அந்தத் தண்ணீர்த் தொட்டியின் மேடையில் வந்து உட்கார்ந்தான். கத்தவில்லை, கதவைத் தட்டவில்லை. தெருவில் கேட்டவர்களிடம், "பொண்டாட்டி கோச்சிக்கினு வந்துடுச்சி, அவ்ளோதான்" என்று சிரித்திருக்கிறான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும்.

அவள் மையத்துக்கு வந்து குதித்தாள். "அந்தக் கெயவிதான் மேடம் சொல்லிருக்கும். மீன் விக்கிற எடத்துல வாய் சும்மா கீதா? என் ஃபிரெண்டு வேற, 'எங்கம்மாவையே சந்தேகப்படுறியா'ன்னு எகிறிக்கினு வர்றா!" பொறுப்பாளர், "வேற யாருக்கு முகவரி தெரியும்?" என்று பொதுவாகக் கேட்டார். நான் அடுத்த மேஜையில் குனிந்து ஒரு மனுவுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. எண் போட்டு முடித்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன்.

அவள் மையத்துக்கு வந்துபோன நான்காம் நாள் தோழிகள் இருவருக்கும் பெரிய சண்டை. அந்த வீட்டில் இனி ஒரு வேளைகூடச் சாப்பிட மாட்டேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். போக இடமில்லை. எதிரில் அவன் உட்கார்ந்திருந்தான். பையை வாங்கிக்கொண்டு, பேருந்தில் ஜன்னலோரம் அவளுக்கு விட்டு, கூட்டிப் போய்விட்டான்.

அதற்கு மறுநாள் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் கோப்பைத் திறந்து அந்தக் கட்டத்தைப் படித்தார். "அடையாளம் வேற போட்டிருக்கீங்க" என்றார். கோப்பை மூடினார். இனி வர வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. துணைக்குப் போக ஆள் கிடைப்பது அவ்வளவு கஷ்டம்.

ஒன்றரை மாதம் கழித்து, அவனை மறுபடியும் விட்டுவிட்டு அவள் வந்தாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. உட்கார்ந்ததும் சொன்னேன்: "முகவரியை எழுதினது நான்தாம்மா. அந்த அம்மா இல்லை. தெரிஞ்சும் நாலு நாள் சொல்லாம இருந்துட்டேன்."

என்னையே பார்த்தாள். "நீயா?" என்றாள். அதுவரை நீங்கள் என்றுதான் பேசுவாள்.

"ஆமாம்."

"நல்லா எழுதுன சார். அந்தாளு யாரையும் வழிகூடக் கேக்கலியாம். நேரா வந்து குந்திக்கிட்டான்." கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அந்தக் கெயவிய நான் இன்னா பேச்சுப் பேசிட்டு வந்தேன் தெரியுமா? போ. அவுங்களாண்ட போய்ச் சொல்லு."

போனேன். தோழியின் அம்மா தெருமுனையில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை. "படிச்ச மனுசன்தானே நீ?" என்றார். "ஆமாம்மா." "எம் பொண்ணு எங்கிட்ட ஒரு வாரம் பேசல. உன் வூட்டு அட்ரஸ எழுதிக்கினு போறதுதானே!" பக்கத்தில் நின்று மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபத்தில் சொன்னார். பேருந்தில் திரும்பும்போது எனக்கு அது யோசனையாகத் தோன்றியது.

பொறுப்பாளர் அவளுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்தார். புதிதாகத் தாக்கல் செய்கிற மனுவில் மையத்தின் முகவரியைப் போடவும் தயங்கினார். அவன் அங்கேயும் வந்து உட்கார்ந்தால், வரும் மற்றப் பெண்களையும் பார்க்க வேண்டுமே. எங்கள் வீட்டு முகவரியைப் போடலாம் என்றேன். நீதிமன்ற எழுத்தர் அதை ஏற்கவில்லை.

"இவங்க உங்க வீட்ல இருக்காங்களா?"

"இல்லை. கடிதம் வந்தா அவங்களுக்குச் சேரும்."

"சார், வசிக்கும் முகவரின்னா வசிக்கிற முகவரி. இவங்க எங்க இருக்காங்க?"

"அதைச் சொல்ல முடியாது."

"படிச்சவரு மாதிரி இருக்கீங்க. ஒரு கட்டத்தைச் சரியா ரொப்பத் தெரியலியே!"

அந்த ஆள் மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அவர் பேசியது முழுக்க என் பேச்சு. மூன்று முறை அலைந்து, வக்கீல் தனியாக ஒரு விண்ணப்பம் கொடுத்த பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

நோட்டீஸ் போன மறு வாரம் அவன் எங்கள் குடியிருப்பு கேட்டுக்கு வந்தான். ஒல்லியான ஆள், சுத்தமான சட்டை. "எம் பொண்டாட்டிய மேல வெச்சிக்கினு கீறியா பெருசு?" என்றான், மெதுவாக. பால்கனியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "மேல வந்து பாத்துட்டுப் போயேம்பா. ஆத்துல நானும் இவரும் எங்க முட்டி வலியுந்தான் இருக்கோம்." அவன் வரவில்லை. எதிரிலிருந்த மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்து நின்றான்.

ஒன்பது நாள் வந்தான். செய்தது ஒன்றுமில்லை, நின்றான். பால் வாங்கப் போனால் பின்னாலேயே பத்தடி தள்ளி வருவான். நான் நின்றால் நிற்பான். மனைவி கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். "ஏன்னா, போலீஸ்ல சொல்லேளா?" சொன்னேன். "அடிச்சாரா சார்? திட்டினாரா? தெருவுல நின்னா என்ன கேஸ் போட முடியும்?" குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து, "சார், உங்க சமூக சேவைய கேட்டுக்கு வெளியில வெச்சுக்கப்படாதா?" என்றார். எனக்குக் கதவு இருந்தது, பூட்டு இருந்தது, பேச்சுத் துணைக்கு மனைவி இருந்தாள். ஒன்பது நாளில் எனக்கு ரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டினார்கள். அவளுக்கு நான் எதை எழுதிக் கொடுத்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது என்று சொன்னால், எழுபத்திரண்டு வயதுக்கு அது வெட்கக்கேடு. ஆனால் அதுதான் உண்மை.

பிறகு நீதிமன்றத்தில் அவன் அவளை நெருங்கக் கூடாதென்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. அவனும் நிற்பதை நிறுத்தினான். வழக்கு முடியவில்லை, வாய்தாவுக்கு மேல் வாய்தா. அவளுக்கான கடிதங்கள் இப்போதும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகின்றன. கையெழுத்துப் போட்டு வாங்கி மையத்தில் கொடுப்பேன்.

போன மாதம் அவளே அங்கே இருந்தாள். கட்டுப் பிரித்துவிட்டார்கள், மணிக்கட்டு சற்றுக் கோணலாகவே சேர்ந்திருக்கிறது. உறையை நீட்டினேன். வேறு எதுவும் தோன்றாமல், "இடம் வசதியா இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

உறையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "வசதியா கீது" என்றாள். "எந்த எடம்னு மட்டும் கேக்காத சார்."

பொறுப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். நான் கேட்கவில்லை. அவள் படியிறங்கிப் போனாள். எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று ஜன்னல் வழியாகத் தெரியும். என் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அடுத்த மனுவை எடுத்தேன்.