வேறு கொடிக்கு ஒரு பாட்டு

ஆகஸ்ட் பதினைந்து என்றால் ஆம்பூரில் பாட்டுதான் முதலில் விழிக்கும். உருதுப் பள்ளிப் பக்கமிருந்து ஒன்று, நகராட்சிப் பள்ளியிலிருந்து தமிழில் ஒன்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் சினிமாப் பாட்டு. மூன்றும் வழியிலேயே கலந்து, எது எந்த மொழி என்று தெரியாமல் ஜன்னலுக்குள் வரும். அரைத்தூக்கத்தில் அதைக் கேட்டபடி கிடப்பது எனக்குப் பிடிக்கும். இந்த வருஷமும் அப்படித்தான் கிடந்தேன், ஆனால் மனசில் நிம்மதி இல்லை.

தம்பி ஜெர்மனியில் இருக்கிறான். ஷூ கம்பெனி வேலைக்காகப் போனவன், மனைவி, மகள் என்று அங்கேயே தங்கிவிட்டான். இப்போது அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கிறது. வாங்கினால் நம் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். அப்பாவும் அம்மாவும் இறந்த பிறகு வீட்டுக்குப் பெரியவள் நான்தான். "நீ சரின்னு சொன்னாதான் கையெழுத்து போடுவேன்க்கா" என்று சொல்லிவிட்டான். நானோ மாதக்கணக்காகப் பிடிகொடுக்கவில்லை. ஒரு நாட்டின் மேல் பொறாமைப்பட முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். தோல்கள் சுழலும் பெரிய மர டிரம்களோடுதான் அவர் வாழ்க்கை. உருது பேச வராது. கூட வேலை செய்த தோஸ்துகளிடமிருந்து ஒரு உருது தேசப் பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டே அதைப் பாடுவார். அர்த்தம் கேட்டால், "நம்ம நாடு ஒசத்தின்றாங்க, வேற இன்னா?" என்பார்.

நானும் தம்பியும் பள்ளியில் பாடியது தமிழ்ப் பாட்டு. கொடியேற்றத்தன்று நான் முன்னால் நின்று ஆரம்பித்து வைப்பேன். அவன் வரிசையில் எங்கோ நின்று எல்லோரையும் விட ஒரு வரி முந்திப் பாடுவான். மிட்டாய்க்கு அவ்வளவு அவசரம். ஆனாலும் கடைசி வரி வந்ததும் அவனும் கண்ணை மூடிக்கொண்டு பாடுவான்.

அன்று காலை நான் வேலை செய்யும் ஷூ பேக்டரியில் கொடியேற்றினார்கள். தையல் பிரிவுப் பெண்கள் எல்லோரும் பாடினோம், லட்டு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கண்ணயர்ந்தேன். கனவா நனவா என்று தெரியாத நேரத்தில் தம்பி வீடியோ காலில் வந்தான்.

"இன்னாக்கா, யோசிச்சியா?"

"இன்னிக்குதான் கேக்கணுமா? வேற நாளே கெடைக்கலயா உனுக்கு?" என்று கடிந்துகொண்டேன்.

அவன் பேச்சை மாற்ற மகளை இழுத்து மடியில் உட்காரவைத்து, "அத்தைக்கு ஒரு பாட்டு பாடும்மா" என்றான். ஏதாவது தமிழ்ப் பாட்டு பாடுவாள் என்று நினைத்திருப்பான். அவள் மடியிலிருந்து இறங்கி, கால்களைச் சேர்த்து நின்று, நெஞ்சில் கை வைத்து அந்த நாட்டின் கீதத்தை ஆரம்பித்தாள். டிவியில் கால்பந்து ஆட்டத்துக்கு முன் பாடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். தம்பியின் முகம் வெளுத்துவிட்டது.

"ஏய், அது வேணாம்டா கண்ணு" என்று அவள் வாயைப் பொத்தப் போனான்.

"உட்றா, பாடட்டும்" என்றேன்.

பாதி வார்த்தை அவளுக்கே தெரியவில்லை. தெரியாத இடங்களில் ராகத்தை மட்டும் இழுத்தாள். கண்கள் மூடியிருந்தன. அந்த மொழி எனக்குத் துளியும் புரியாது, ஆனால் பாடியது எங்கள் வீட்டுத் தொண்டைதான். அறையும் மத்தியான வெயிலும் எங்கோ விலகிப்போய், குரல் மட்டும் பக்கத்தில் இருந்தது. நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"இன்னாக்கா, எழுந்து நிக்கிற?"

"கொழந்த அவ நாட்டுப் பாட்ட பாடுது. உக்காந்துக்கினா கேப்பாங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப சரின்றியாக்கா?"

"போட்றா கையெழுத்து."

போனை வைத்த பிறகுதான் அழுதேன். இனி என் தம்பி ஆம்பூருக்கு வருவதற்கு விசா வாங்க வேண்டும்.