கவிழ்ந்த கொடி

ஐம்பத்தேழாம் வருடத் தேர்தல் சமயம். கோபாலபுரத்தில் என் ஜவுளிக்கடை மாடியில் தொலைநோக்கி வைத்து அந்தி நிலாவைப் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியம்.

ஒருநாள் கட்சிக்காரர் ஒருவர் அதைத் தெருமுனையில் பறந்த தங்கள் கொடிப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத் துள்ளினார்.

"ஏனுங்க ராவுத்தரே, எங்க கொடியத் தலகீழாக் காட்டறீங்க? நாளைக்குக் கடை தொறக்கறதா இல்லீங்களா?"

வானத்தைப் பார்க்கும் குழாய் எதையும் கவிழ்த்துத்தான் காட்டும் என்றேன். அவர் நம்பவில்லை. குழாயைப் பக்கத்தில் பறந்த எதிர்க்கட்சிக் கொடிக்குத் திருப்பிக் காட்டினேன்.

"அட, அவங்களும் கவுந்துட்டாங்களா! அருமையான சாமானுங்க!" என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் முதல் இரண்டு கட்சிக்காரர்களும் என் மாடியில் வரிசை கட்டினார்கள், எதிராளி கொடியைப் பார்க்க.

நிலாவும் அதில் தலைகீழாகத்தான் தெரிகிறது. அது மட்டும் இன்றுவரை என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை.