பெரியப்பாவுக்கு வைத்த விழா

எங்கள் குடும்பத்தில் ஒரே நாளில் இரண்டு பேருக்கு மாலை விழுந்தது. முதலில் பெரியப்பாவுக்கு, பிறகு அப்பாவுக்கு. மன்னார்த் தீவிலேயே எங்களைப்போலக் கொடுத்துவைத்தவர்கள் இல்லை என்று, ஒன்பது வயதில் நான் நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா அப்பாவின் மூத்த அண்ணன். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஊர் அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்தபோது, கடலுக்குப் போக அனுமதி கேட்டு நேவி முகாமுக்கு நடையாய் நடந்தவர். பள்ளிக்கூடத்துக்குக் கூரை, டவுனுக்கு பஸ் என்று எல்லாமே அவர் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி வாங்கியவை.

“இவர் வீட்டிலை இருந்ததைவிடக் கந்தோர் வாசலிலை நிண்டதுதான் கூட” என்பார் பெரியம்மா.

அந்த வருடம் எங்கள் கடற்கரையில் மண் அள்ள ஒரு கம்பனி வந்தது. சங்கத்தின் சம்மதம் வேண்டும் என்றார்கள். பெரியப்பா கையெழுத்து வைக்கவில்லை.

“மண்ணை அள்ளினால் கிணறெல்லாம் உப்பாப் போகும்” என்றார்.

“பெடியளுக்கு வேலை வேண்டாமோ, அண்ணை?” என்று கேட்டார் அப்பா.

அதன்பிறகு அப்பா அவர் வீட்டுப் பக்கம் போகாமலிருந்தார். திடீரென்று ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். “சனம் உங்களுக்கு ஒரு விழா வைக்க ஆசைப்படுது. மாட்டன் எண்டு சொல்லாதேங்கோ.”

பெரியப்பா வெட்கப்பட்டார். ஆனாலும் சம்மதித்தார்.

விழாவுக்கு அவர் புது வேட்டி கட்டி வந்தார். பந்தலும், பந்தலடியில் நிறுத்தியிருந்த ஐஸ்கிரீம் வானும் கம்பனியின் உபயம். ஒவ்வொருவராக எழுந்து, அவர் உழைத்தார், ஓடித்திரிந்தார் என்று புகழ்ந்தார்கள். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தினார்கள். கடைசியில் அறிவிப்பாளர், “வாழ்நாள் முழுவதும் உழைத்த ஐயாவுக்கு இனி நாங்கள் ஓய்வு கொடுப்போம். சங்கத்தின் புதிய தலைவரை மேடைக்கு அழைக்கிறோம்” என்று சொல்லி, அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்.

பெரியப்பா சிரித்தபடியே சுற்றிப் பார்த்தார். யாரோ பகிடி விடுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. அப்பா ஏறி வந்து, அவரைப் பாராமல் மாலைக்குக் குனிந்தார். பெரியப்பா பேசுவதற்காக எழுந்து மைக் பக்கம் போனார். அதற்குள் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவள் நான். அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்து மடியில் அமத்தினார். “காணும், தட்டினது.” அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. அவ்வளவு சந்தோஷம் என்று நினைத்தேன்.

மழைக்கு முன்பே யந்திரங்கள் வந்துவிட்டன. இன்று எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணீர் வைக்க முடியாது. பெரியப்பா அதன்பிறகு சாகும்வரை எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. செத்தவீட்டில் அவருடைய சேவைகளைப் பற்றி அப்பாதான் நெடுநேரம் பேசினார்.

ஆனால் விழா நாளில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? கூட்டம் கலைந்ததும் பெரியப்பாவுக்குப் பின்னால் ஓடினேன். பெரியம்மாவோடு வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

“பெரியப்பா, வாற வருசமும் உங்களுக்கு விழா வைப்பினமோ?”

அவர் நின்று என் தலையைத் தடவினார். “இல்லைப் பிள்ளை. இது ஒருக்காத்தான் வைப்பினம்.”

அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. ஒரு தடவை போதாது என்று கவலைப்படுகிறார் போலும். இப்போது அப்பாதானே தலைவர், அவரிடம் சொல்லி அடுத்த முறை இன்னும் பெரிதாக வைக்கச் சொல்லலாம் என்று எண்ணிக்கொண்டு, நான் ஐஸ்கிரீம் வானைத் தேடி ஓடினேன்.