கொற்கையும் ஓர் உப்பு அம்பாரமும்

உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, ஐப்பசித் தொடக்கத்தில், தாமிரவருணிக் கரைச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த திருமணத்திற்கு என் தமக்கையும் அவர் கணவரும் நானும் தூத்துக்குடியிலிருந்து வில்வண்டியில் சென்றோம். அத்தான் உப்பளம் நடத்தியவர். அவ்வாண்டு விளைந்த உப்பு முழுவதும் அளத்தின் கரையில் அம்பாரமாகக் குவிந்திருந்தது. மழைக்காலம் நெருங்குகையில் அதன்மேல் பனையோலை வேய்வது வழக்கம். அத்தான் வேயவில்லை.

"ஓலையப் போட்டுட்டுக் கெளம்புவோம்னு சொன்னேனே, கேட்டீயளா?" என்று வழிநெடுகத் தமக்கை அரற்றினார்.

"துறைமுகத்துல கூண்டு ஏத்தலியே, ஏளா. புயல் வருதுன்னா முன்னாலயே தந்தி வந்துரும். இது என்ன ஒங்க தாத்தா காலமா?"

வழியில் கொற்கையில் வண்டியை நிறுத்தச் சொன்னவரும் அத்தானே. பாண்டியரின் முத்துத் துறை நெல்வயலாகிக் கிடந்தது. ஆறு கொணர்ந்த வண்டல் கடலைக் கண்ணுக்கெட்டாத் தொலைவிற்குத் தள்ளிவிட்டிருந்தது. உழவில் கிளம்பிய சங்குத் துண்டொன்றை அத்தான் பொறுக்கித் துடைத்தார், முகம் மலர்ந்தது.

"ஏன் மாப்பிள, இம்புட்டுப் பெரிய துறைமுகம் தூந்து போறவரைக்கும் அவனுவ என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தானுவ?"

"அவனுவளுக்கும் கூண்டு ஏத்தல போல" என்றார் தமக்கை, வண்டிக்குள்ளிருந்தபடி. வண்டிக்காரரும் சிரித்துவிட்டார்.

அழிந்த நகரங்கள்பால் நம்மை ஈர்ப்பது இரக்கமே என்று அதுவரை எண்ணியிருந்தேன். அத்தான் முகத்தில் நான் கண்டதோ, விடையை முன்னரே அறிந்தவன் வினாத்தாளைப் பார்க்கும் மகிழ்ச்சி. கொற்கையில் வாழ்ந்தோர்க்கு ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைப் போலவே விடிந்திருக்கும். படகுகள் வழக்கம்போலக் கரையேறியிருக்கும். அவர்களினும் நாம் அறிவுடையோம் என்று நம்புவதற்காகவே அத்தகைய இடங்களைத் தேடிச் செல்கிறோமோ என்று ஐயுற்றேன்.

மறுநாள் தாலி கட்டும் வேளையில் மேற்கே இடித்தது. காற்றில்லாத வெறும் இடிமழை. கொட்டித் தீர்த்துவிட்டுக் கிழக்கே, கடலை நோக்கி நகர்ந்தது. அத்தான் பந்தியில் அமராமலே வண்டியைப் பூட்டச் சொன்னார்.

நாங்கள் ஊர் திரும்பியபோது துறைமுகக் கொடிமரம் வெறுமையாகவே நின்றது. அங்கிருந்தோர் பிழையேதும் செய்யவில்லை. கூண்டு கப்பல்களுக்குப் புயலை உணர்த்துவது. உப்பைப் பற்றி அது எவருக்கும் உறுதி தந்ததில்லை.

அம்பாரம் பாதிக்கு மேல் கரைந்து, வெண்ணீராய் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் வேடிக்கை பார்க்கக் கூட்டம். அடுத்த அளத்துக்காரர் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்: "எம்புட்டு வெவரமான ஆளு நம்ம அண்ணாச்சி! ஓலை போடாமலா போவாக? நான் தகரக் கொட்டகையே போட்டுட்டேன். இனி எந்த மழை வந்து என்னத்தப் புடுங்கும்?"

முந்தைய நாள் கொற்கை வயல்வரப்பில் அத்தானிடம் நான் கேட்ட அதே குரல்.

அத்தானுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

"அவுக பேச்ச விடுங்க. மிச்சத்தயாவது மூடுவோம்" என்றார் தமக்கை.

அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓலைக்கட்டைத் தூக்கித் தோளில் வைத்தார். மேற்கே மறுபடியும் கறுத்திருந்தது.