ரேடியோ வாங்கிய தேன்

ஊருக்கு அவர் ரேடியோ. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடந்தது. இரண்டு நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை அவருடையது. ஒரு நாற்காலியின் ரெக்ஸின் கிழிந்து, டேப் ஒட்டியிருக்கும். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது திறக்கிற வாய், சாயங்காலம் ஷட்டர் இறங்கினால்தான் மூடும். யார் வீட்டு நிச்சயதார்த்தம் நின்றது, எந்த மளிகைக்காரன் எடையில் ஏய்க்கிறான், எந்த டாக்டர் ஊசி போட்டால் வலிக்காது, எல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இலவசம். "அண்ணே, வால்யூமைக் கொஞ்சம் குறைங்க, காது ரொம்பப் பக்கத்துல இருக்கு" என்று வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் நிறுத்த மாட்டார்.

வாயைத்தான் அப்படிச் சொல்லலாம். கையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். முப்பது வருஷத்தில் ஒரு கன்னத்திலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. கத்தி எப்போது தாடையைத் தாண்டி கழுத்துக்கு இறங்கியது என்று உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாது.

அவர் மனைவிக்கு இருமல். பஞ்சாலையில் இருபது வருஷம் தூசியைத் தின்று சம்பாதித்த இருமல், எந்த மருந்துக்கும் மசியவில்லை. வெந்நீரில் ஒரு ஸ்பூன் தேன் கலந்து குடித்தால் மட்டும் நாலு மணி நேரம் அசந்து தூங்குவாள். கம்பெனித் தேன் என்னென்னவோ வாங்கிப் பார்த்து, கடைசியில் யாரோ சொல்லித்தான் தேன்காரரின் தோட்டத்துக்கு ரேடியோ போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு பதினான்கு வருஷம், மாதத்தின் முதல் விடுமுறை நாள் தவறாமல் ஸ்கூட்டர் அந்தப் பக்கம்தான் திரும்பியது.

தோட்டத்துக் கேட்டை ஒட்டித் தகரக்கூரை போட்ட ஒரு சின்ன அறை, அதுதான் கடை. பலகை அடுக்கில் பாட்டில்கள், ஒரு தராசு, ஆணியில் தொங்கும் வலைத் தொப்பி, மூலையில் அடையைச் சுழற்றித் தேன் எடுக்கிற டிரம். பின்னால் மரநிழலில் நாற்பது தேனீப் பெட்டிகள். எந்த மாதம் எடுத்த தேன் என்று தேன்காரரின் மனைவி பேனாவால் எழுதி பாட்டிலில் ஒட்டியிருப்பாள். தேன்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. ருசி பார்க்காதவருக்கு பாட்டில் கொடுக்க மாட்டார். "கையைக் காட்டுங்க" என்று சொல்லி, புறங்கையில் ஒரு சொட்டு விடுவார். வந்தவர் நக்கிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மூடியைத் திருகுவார்.

தேன்காரர் பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி. இவரோ ரேடியோ. ஒருவர் பேச, ஒருவர் கேட்க, சிநேகம் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. தேன்காரரின் மனைவி "அண்ணா" என்று கூப்பிட ஆரம்பித்ததும் தேன்காரர் இவருக்கு மாப்ளே ஆனார், இவர் அவருக்கு மச்சான். மாதம் ஒருமுறை தேன்காரர் கடைக்கு வந்து, டேப் ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி முகத்தை ஒப்புக்கொடுத்துவிடுவார்.

அந்த வருஷம் குளிர் தொடங்குகிற நேரம். புறங்கையில் சொட்டு விட்டபடியே தேன்காரர் அபூர்வமாக வாயைத் திறந்தார்.

"மச்சான், இந்தத் தடவை பக்கத்து வயல்ல முழுக்கச் சூரியகாந்தி. அதனால தேன் சீக்கிரமா..."

"சூரியகாந்தியா? அந்த வயல்காரன் கதை தெரியுமா உனக்கு? போன வாரம் என் நாற்காலியிலதான் உக்காந்திருந்தான். மாமனாரோட சண்டையாம், கேளு!"

கதை முடிய அரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை தேன்காரர் "அது வந்து மச்சான்" என்று ஆரம்பித்துப் பார்த்தார். ரேடியோவுக்கு நடுவில் யார் பேச முடியும்? சிரித்துக்கொண்டே மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டார்.

மூன்று வாரத்தில் அந்தத் தேன் உறைந்தது. முக்கால் பாட்டில் வெள்ளை வெளேரென்று கட்டியாக நின்றது. ஸ்பூனை விட்டால் நறநறவென்றது. வாயில் போட்டுப் பார்த்தார், சர்க்கரை மாதிரிக் கடிபட்டது. அப்போதுதான் அவருக்கு அது ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் அந்த டிரம்முக்குப் பின்னால் இரண்டு சர்க்கரை மூட்டைகளைப் பார்த்திருக்கிறார். தேன் விற்கிறவனுக்கு மூட்டை மூட்டையாகச் சர்க்கரை எதற்கு?

"அவரையே போய் ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"திருடன்கிட்டயே போய் திருடினியான்னு கேக்கச் சொல்றியா? பதினாலு வருஷம்டி! கூடப் பிறந்தவனா நினைச்சேனே அவனை!"

கோபம் பொய் இல்லை. நெஞ்சு நிஜமாகவே கொதித்தது, கண்கூடக் கலங்கியது. ஆனால் அந்த நெஞ்சைத் தூக்கிக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போனாரா? கடைக்குப் போனார்.

காலையில் உட்கார்ந்த முதல் ஆளிடம், தேன் உறைந்துபோனதை மட்டும்தான் சொன்னார். இரண்டாவது ஆளிடம் இரண்டு மூட்டை சர்க்கரை சேர்ந்தது. மத்தியானத்துக்குள் அது ஐந்து மூட்டை ஆயிற்று. சாயங்காலம் பார்த்தால், அடுப்பில் பாகு கொதித்ததை அவரே இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தார். "தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான்னு சொல்வாங்க. இவன் நம்ம எல்லாரையும் புறங்கையை நக்க வச்சிட்டான்யா!" என்றார். கடையே குலுங்கிச் சிரித்தது. சிரிப்புக் கிடைத்த வசனத்தை எந்த ரேடியோ ஒரு தடவையோடு விடும்? வாரம் முழுக்க அதுதான் ஓடியது.

வாரக் கடைசியில் அதே வசனத்தைச் சொல்லி முடித்து நிமிர்ந்தபோது, கண்ணாடியில் வாசல் தெரிந்தது. வாசலில் தேன்காரர் நின்றுகொண்டிருந்தார். முடி வெட்ட வந்திருக்கிறார். எல்லாம் கேட்டிருக்கிறது. கடைக்குள் நாலு பேர், நாலு பேரும் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்கள். தேன்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உதடு துடித்ததே தவிர ஒன்றும் வரவில்லை. அப்படியே படியிறங்கிப் போய்விட்டார்.

ஓர் எட்டு வெளியே போய்க் கையைப் பிடித்திருக்கலாம். சட்டையைப் பிடித்து, ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை, உண்மை தெரிந்திருக்கும். "பாத்தீங்களா, பதில் சொல்ல வாய் வரல" என்றார் ரேடியோ, கத்தரியை எடுத்துக்கொண்டே. அட பாவி மனுஷா!

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்த பேக்கரி முதலில் நின்றது. பிறகு மாத வாடிக்கைகள் ஒவ்வொன்றாக நின்றன. யாரோ மனு எழுதிப் போட, உணவு ஆய்வுக்காரர்கள் வந்து நாலு பாட்டிலுக்கு சீல் வைத்து எடுத்துப் போனார்கள். முடிவு வரும்வரை விற்கக்கூடாது என்று கடையைப் பூட்டவும் சொல்லிவிட்டார்கள். ரேடியோ கம்பெனித் தேனுக்கு மாறினார். மனைவி விடிய விடிய இருமினாள்.

ஐந்து மாதம் கழித்து அந்த ஆய்வு அலுவலகத்து ஆள் ஒருவர் முகச்சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். ரேடியோ வழக்கம்போல் ஆரம்பித்ததும், அவர் நுரையோடு தலையைத் திருப்பினார்.

"யார் சொன்னது கலப்படம்னு? அது சுத்தமான தேன். ரிப்போர்ட் வந்து ரெண்டு மாசம் ஆச்சே."

"உறைஞ்சு போச்சே சார்! கட்டி கட்டியா!"

"சூரியகாந்தித் தேன் சீக்கிரம் உறையும்ங்க. வெதுவெதுப்பான தண்ணியில பாட்டிலை வச்சா இளகிடும்."

"அப்போ அந்தச் சர்க்கரை மூட்டை?"

"மழைக்காலத்துல பூ ஏது? தேனீ பட்டினி கிடக்கக் கூடாதுன்னு சர்க்கரையைக் கரைச்சுப் பெட்டிக்குள்ள வைப்பாங்க. தேனீ வளர்க்கிறவங்க எல்லாரும் செய்றதுதான்."

"அதனால தேன் சீக்கிரமா" என்று தேன்காரர் ஆரம்பித்துப் பாதியில் விட்ட வாக்கியம் இத்தனை மாதம் கழித்து வந்து காதில் விழுந்தது. மீதிச் சவரத்தை அவர் ஒரு வார்த்தை பேசாமல் முடித்தார். வந்தவர், உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே ஷட்டரை இறக்கிவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினார். கடைக்கதவில் பூட்டு. பிளாஸ்டிக் உறைக்குள் அந்த ரிப்போர்ட்டைப் போட்டுக் கதவில் ஒட்டியிருந்தார்கள். படிக்க யார் வந்தார்கள்? மரத்தடியில் பெட்டிகள் இல்லை. பெட்டி நின்ற இடங்களில் நாலு நாலு செங்கல் மட்டும் கிடந்தது. பக்கத்து வயல்காரர்தான் சொன்னார்: "பெட்டி எல்லாத்தையும் வித்துட்டாங்க. கடைசி வண்டி போன மறுநாளே மனுஷன் விழுந்துட்டாரு. பக்கவாதம். ஆஸ்பத்திரியில கிடக்கிறாரு, பேச்சு வரல."

எட்டு நாள் ரேடியோ ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. போய் என்ன சொல்வது? குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார், சாப்பிடும்போது சொல்லிப் பார்த்தார். 'மாப்ளே' என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் பேச்சு வைத்திருந்தவருக்கு இந்த ஒருவருக்குப் பேச்சு இல்லை.

ஒன்பதாம் நாள் தேன்காரரின் மனைவியே கடை வாசலுக்கு வந்துவிட்டாள். இளைத்துப்போய், தோளில் ஒரு துணிப்பையோடு.

"அண்ணா, உங்களுக்குச் சொல்லிவிடணும்னு நினைச்சேன், ஆள் அமையல. ஒரு உதவி பண்ணணும். முகம் முழுக்க முள்ளா மண்டிப் போச்சு. ஆஸ்பத்திரியில ஒரு ஆள் ஷேவ் பண்ண வந்தான், தொடவே விடல. உங்க கைதான் அவருக்குப் பழக்கம்."

அவளுக்குத் தெரியாது! வாசலில் நின்று கேட்டதை அந்த மனுஷன் பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. ரேடியோ புது ரேஸர் ஒன்றையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு, அவள் பின்னாலேயே போனார்.

வார்டில் ஜன்னலோரக் கட்டில். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, இடது கை துணி மாதிரிக் கிடந்தது. தேன்காரர் இவரைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யாரு வந்திருக்காங்க பாருங்க" என்றாள் மனைவி, குழந்தைக்குச் சொல்வதுபோல. "உங்க மச்சான்!"

ரேடியோ துண்டைப் போர்த்தினார், நுரை தடவினார். முப்பது வருஷக் கை அல்லவா, நடுங்காமல் வலது கன்னத்தை வழித்தது. மனைவி பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தாள். "யாரோ ஒரு பாவி கிளப்பிவிட்டது அண்ணா. இவர் ஒரு ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவரு. கடைசிப் பெட்டியை ஏத்தினப்ப வண்டி பின்னாலயே ரோடு வரைக்கும் நடந்து போனாரு. அவன் யாருன்னு தெரிஞ்சா ஒண்ணே ஒண்ணு கேப்பேன், எங்க தேன் உன்னை என்னடா பண்ணிச்சுன்னு."

இடது கன்னத்துக்கு முகத்தைத் திருப்ப ரேடியோ தாடையில் விரலை வைத்தார். அப்போது தேன்காரரின் நல்ல கை எழுந்தது. இவருடைய மணிக்கட்டை இறுகப் பிடித்து, முகத்திலிருந்து விலக்கியது. விடவில்லை.

"பாருங்கண்ணா!" மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "கையை விட மாட்டேங்கிறாரு. இத்தனை நாள்ல யார் கையையும் இவரு இப்படிப் பிடிச்சதில்ல. உங்க மேல அவ்வளவு பாசம்!"

பேசாமல் இருந்திருந்தால் அது பாசமாகவே போயிருக்கும். அவள் ஆயுசு முழுக்க அப்படியே நினைத்திருப்பாள். பிடியின் பலம் எலும்பு வரை ஏறியது. ரேடியோ அந்தக் கண்ணைப் பார்த்தார். அதில் கெஞ்சல் இல்லை, மன்னிப்பும் இல்லை.

"நான்தான்மா" என்றார்.

"என்னண்ணா?"

"அந்தப் பாவி நான்தான். என் கடையிலதான் ஆரம்பிச்சது. மூட்டையைத்தான் பார்த்தேன். பாகு காய்ச்சினதைப் பாத்ததா சொன்னது பொய். இவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஊர் முழுக்கச் சொன்னேன். மாப்ளைக்குத் தெரியும். காதால கேட்டாரு."

மணிக்கட்டை விட்டுவிட்டுத் தேன்காரரின் கை மெத்தையில் விழுந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால், அறைந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். கேட்பேன் என்று சொன்ன கேள்வியைக்கூட அவள் கேட்கவில்லை. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை மாதம் இதை மனசில் வைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தாரே என்று நினைத்தாளோ என்னவோ.

"ரேஸரைக் குடுங்க" என்றாள் கடைசியில்.

"அம்மா, உனக்குப் பழக்கமில்ல. மீதியை முடிச்சுட்டு நான் போயிடறேன். பாதியில விடக் கூடாதும்மா..."

"குடுத்துட்டுப் போங்க."

அண்ணா என்று அவள் சொல்லவில்லை. ரேடியோ ரேஸரை அவள் கையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். வந்தவரால் படியிறங்க முடியவில்லை, வார்டுக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். சவரக் கருவியைப் பிடிக்கவே அவளுக்குத் தெரியவில்லை, கரண்டி மாதிரிப் பிடித்திருந்தாள். முதல் இழுப்பிலேயே கன்னத்தில் ரத்தம் துளிர்த்தது. இரண்டாவது இழுப்பில் இன்னோர் இடத்தில். அவள் அழுதுகொண்டே துடைத்துத் துடைத்து வழித்தாள். தேன்காரர் முகத்தை விலக்கவே இல்லை, அவளுக்கு வாகாகத் திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.