வெட்டின பாட்டுல இருந்த கல்யாணம்

டேய் சேகரு, பாட்டுதானே, வெட்டினா இன்னான்னு கேட்டியாமே? த்தூ! உங்க நைனா மொகிலி காதுல அது விழுந்திருந்தா, பாடையில இருந்து எறங்கி வந்து உன் காதைத் திருகிட்டு மறுபடியும் போய்ப் படுத்திருப்பான்.

சேகரு இங்க இல்ல. சாமியானா போடறவனாண்ட கத்திக்கினு கீறானாம். அதான் திருப்பதியில வீடியோ கடை பாபுவ எதிர்ல குந்த வெச்சி சொல்லிக்கினு கீறேன். ஆபரேட்டர் மொகிலியத் தெரிஞ்ச நீங்களும் கேளுங்க.

சேதி வந்தப்ப நான் காணிப்பாக்கத்துல சாமி பாக்க வரிசையில நின்னுக்கினு இருந்தேன். போன்ல சேகரு, "பெரீப்பா, நைனா பூட்டாரு"ன்னான். "எந்தக் கொட்டாய்க்கு?"ன்னேன். வாய்ப்பழக்கம். புரிஞ்ச அப்பால சாமி பாக்காமலே திரும்பிட்டேன்.

சித்தூர்ல ஒரே சினிமாக் கொட்டாய்ல ரெண்டு பேரும் வேலை. அவன் மேல மெஷின் ஓட்டுவான், நான் கீழ டிக்கெட் கிழிப்பேன். ஒரு மேட்னியில மொதலாளி, "அடுத்த ஆட்டத்துக்கு லேட்டாவுது, ஒரு பாட்ட எட்த்துடு"ன்னாரு. எட்த்துட்டான். அந்தப் பாட்டுலதான் கல்யாணமே கீது. புருசன எழந்து வெள்ளச் சேலையில ஆட ஆரம்பிக்கற கதாநாயகி, மேளம் மாறினதும் செவப்புச் சேலையில, கழுத்துல தாலியோட ஆடி முடிப்பா. ஒரு வசனம் கெடையாது. பாட்டு போச்சா, அடுத்த சீன்ல வயித்தத் தள்ளிக்கினு வந்து நின்னா. பொம்பளைங்க பக்கத்துல, "சீ, மானங்கெட்டவளே!"ன்னு ஒரே திட்டு.

மொகிலி ஓடியாந்து திரைக்கு முன்னாடி நின்னு, "அவளத் திட்டாதீங்கம்மா! கல்யாணம் ஆயிடுச்சி, என் பொட்டியில கீது!"ன்னு கையெடுத்துக் கும்பிட்டான். நான் வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சேன். அவன் சிரிக்கல. படத்த நிறுத்தி, அந்தப் பாட்ட ஒட்டி ஓட்டினான். அதுக்கப்பால ஒரு பாட்டையும் வெட்டினதில்ல. "பாட்டுல கால் பேசுதுண்ணா, சேலை பேசுது. காதால மட்டும் கதை கேக்கறவன் ரேடியோ வாங்கிக்கட்டும்"பான்.

மொத சம்சாரம், சேகரோட அம்மா, செத்த அப்பால செங்கம்மாவக் கட்டினான். அதுவும் புருசன எழந்த பொண்ணு. அரக்குச் சேலையில வந்துது. இவன் பேண்டு மேளத்துக்கு முன்னாடி ஆடினான் பாரு, வேட்டி அவுந்தது தெரியல. நான்தான் புடிச்சேன்.

கல்யாண வீடியோவுல இருந்த அந்த ஆட்டத்தத்தான் சேகரு இந்த பாபுவ வுட்டு வெட்ட வெச்சிக்கீறான். நாளைக்குப் பதினாறாம் நாள் காரியத்துல போடற வீடியோவாம், "லென்த்தா கீது"ன்னு சாக்கு. மிச்சத்துக்கும் சோகமா இருக்கணும்னு கலரத் தொடச்சிட்டான். இப்ப எடுத்த எடுப்புல செங்கம்மா ஆஸ்பத்திரியில மொகிலிக்குக் கஞ்சி ஊட்டுது. கடையில பாத்துக்கினு இருந்த எவனோ, "ஈமெ எவரு, வண்ட்ட மனிஷா?"ன்றான். சமையல்காரியாம்! நாளைக்கு ஊரே கேக்கும். செங்கம்மா அங்கதான் குந்திக்கினு இருக்கும்.

மொகிலியால எனக்கு மிஞ்சினது ஒண்ணுதான். அன்னிக்குப் பாட்ட ஒட்டினப்ப உதிர்ந்த துண்டு ஃபிலிம். பர்ஸுலயே கீது. வெளிச்சத்துல புடிச்சிப் பாரு பாபு. மொதக் கட்டத்துல வெள்ளச் சேலை, அடுத்த கட்டத்துல செவப்பு. இதக் காட்டி மொகிலி இன்னா சொல்லுவான்னா...

யோவ் பாபு! நான் இன்னும் முடிக்கல, எழுந்து எங்கய்யா போற?

கம்ப்யூட்டராண்ட குந்திட்டான். உள்ள பேண்டு மேளம் கேக்குது.