தண்டுச் செல் மருந்தல்ல

மரகதம் இறந்துவிட்டார் என்ற செய்தி நான் தேர்வறை மேற்பார்வையில் இருந்தபோது வந்தது. அலுவலக உதவியாளர் கதவருகே நின்று, மரகதத்தின் தம்பி சேகர் தொலைபேசியில் அழைத்ததாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். கூடுதல் தாள் கேட்டு எழுந்து நின்ற மாணவியிடம் போனேன், தாளைக் கொடுத்தேன், கையெழுத்திட்டேன். மணி அடிக்கும் வரை வரிசைகளுக்கு இடையே நடந்துகொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும் இப்போதும் வரவில்லை.

மறுநாள் கீழ்பென்னாத்தூரில் இறுதிச் சடங்கு முடிந்து திரும்பும்போது, திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தின் எதிரே அந்தப் பதாகையைப் பார்த்தேன். எங்கள் கல்லூரியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய மரகதத்தின் முகம். அதற்கும் கீழே, 'அண்ணாமலையார் மண்ணில் தண்டுச் செல் மருந்து கண்ட மாதரசிக்குக் கண்ணீர் அஞ்சலி'. விலங்கியல் பேராசிரியையாக இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகப் பணியாற்றிய ஒரு பெண்ணைப் பற்றி அவர் வேலை செய்த நிறுவனம் எழுதிய ஒரே வாக்கியம் இது. அதில் உண்மை என்று சொல்லத்தக்கது அவர் ஒரு பெண் என்பது மட்டுமே.

அவரை அறிந்தவர்களுக்காகவும், அந்தப் பதாகையை மட்டும் பார்த்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் இன்னமும் அதே கல்லூரியில்தான் கணிதம் கற்பிக்கிறேன்.

நாங்கள் இருவரும் 1989இல் ஒரே வாரத்தில் பணியில் சேர்ந்தோம். சில மாதங்கள் கழித்து அவர் கணிதத் துறைக்கு வந்து, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் என் எதிரே அமர்ந்தார். "கணக்கு சார், ஒரு பஞ்சாயத்து இருக்கு. தீர்ப்பு உங்க ஆளுங்ககிட்டதான் இருக்காம்" என்றார். என்னை விலங்கியல் ஆய்வகத்துக்கு அழைத்துப்போய் நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்தார்.

நான் பார்த்தது மண்ணில் வாழும் ஓர் ஒற்றைச் செல் உயிரி. உணவு இருக்கும்வரை ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகத் திரியும். உணவு தீர்ந்ததும் ஆயிரக்கணக்கானவை ஒன்றுகூடி ஒரே உடலாகும். அந்த உடலில் ஒரு பகுதிச் செல்கள் மெல்லிய தண்டாக விறைத்து இறந்துபோகும். மற்றவை அந்தத் தண்டின் மீதேறி, உச்சியில் வித்துகளாகி, காற்றில் பறந்தோ பூச்சியின் காலில் ஒட்டியோ வேறிடம் போய்ப் பிழைத்துக்கொள்ளும். மரகதத்தின் கேள்வி எளிமையானது. யார் தண்டாவது? ஏமாற்றி மேலேறுபவனுக்கு வாழ்வும் தாங்கி நிற்பவனுக்குச் சாவும் என்றால், தாங்கி நிற்பவர்கள் எப்படி இன்னும் இவ்வுலகில் மிஞ்சியிருக்கிறார்கள்? நான் பட்ட மேற்படிப்பில் படித்த ஆட்டக் கோட்பாடு, சீட்டாட்டத்துக்கும் சந்தைக்கும் உரியது என்று நினைத்திருந்த ஒன்று, அந்தக் கண்ணாடித் தகட்டின் மேல் உயிரோடு நகர்ந்துகொண்டிருந்தது.

அந்தக் கேள்வி விரைவில் ஆசிரியர் அறைக்கும் வந்துவிட்டது. முகாமுக்கு மாணவர்களை அழைத்துப்போக ஆள் வேண்டும் என்றாலும், விடுமுறை நாளில் யாராவது வரவேண்டும் என்றாலும், "யார் தண்டாவது?" என்று எவராவது கேட்பார்கள். இயற்பியல் துறையிலிருந்த நண்பர் ஒருவர், "தண்டு இல்ல மேடம், தண்டம்" என்று சீண்டுவார். "தண்டம் மேல உட்கார்ந்திருக்கும் சார். தண்டுதான் நிக்கும்" என்பார் மரகதம். பெரும்பாலும் முகாமுக்கு அவரே போவார்.

மண்ணை அவர் மலையின் கீழ்ச்சரிவுகளிலிருந்து எடுத்துவருவார், பெரும்பாலும் அடி அண்ணாமலைப் பக்கத்தில், இலைகள் மட்கிக் கிடக்கும் இடங்களில். கையில் ஒரு தேக்கரண்டியும் பழைய பிலிம் டப்பிகளும் இருக்கும். ஒருமுறை நானும் உடன் போயிருந்தேன். கிரிவலம் வந்த அம்மாள் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, எங்க வீட்டுக்கும் ஒரு பிடி கொடும்மா, பூசையில் வைக்கிறேன் என்று முந்தானையை ஏந்தினார். மரகதம் சிரிக்கவில்லை. "பூசையில வைங்க, தப்பில்ல. ஆனா வாயில மட்டும் போட்டுடாதீங்க. உள்ள நெறைய பேரு குடியிருக்காங்க" என்றார். அந்த அம்மாள் டப்பிக்குள் எட்டிப் பார்த்து, யாரும் கண்ணில் படவில்லையே என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் துறைக்கு ஒரு கணினி வந்தது. செல்களுக்குப் பதிலாகத் திரையில் புள்ளிகளை வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் தனக்குக் கிடைத்ததையும் இழந்ததையும் கொண்டு அடுத்த சுற்றில் என்ன செய்வது என்று அவை தாமே கற்றுக்கொள்ளும்படி ஒரு நிரல் எழுதினேன். இன்று இயந்திரக் கற்றல் என்று பெரிய பெயரில் வழங்குவதன் மிகச் சிறிய, நொண்டியான வடிவம் அது. பிழைத்திருந்தால் பரிசு என்று விதி வைத்தேன். சிறிது நேரத்தில் ஒரு புள்ளிகூடத் தண்டாகச் சம்மதிக்கவில்லை. எல்லாம் உச்சிக்கு முண்டின, தாங்க ஆளில்லாமல் மொத்தக் கூட்டமும் அழிந்தது. நிரலில் பிழை இருப்பதாக நான் எரிச்சலோடு தேடிக்கொண்டிருந்தேன். மரகதம் தோளுக்குப் பின்னால் நின்று சொன்னார்: "அது மேல தப்பு இல்ல சார். நாம எதுக்குப் பரிசு கொடுத்தமோ, அதைத்தான் கத்துக்குச்சு." கூட்டம் பிழைத்தால் உறவுக்காரப் புள்ளிகளுக்கும் பரிசில் பங்கு என்று விதியை மாற்றியதும், தண்டுகள் நிற்கத் தொடங்கின. பின்னாளில் எங்கள் கல்லூரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது இரண்டாவது விதியல்ல, முதல் விதிதான்.

புத்தாயிரத்தின் தொடக்கத்தில் ஊரிலுள்ள நூலகமொன்றில் அவர் தமிழில் ஓர் உரை ஆற்றினார். தாங்கி நின்று இறக்கும் செல்களுக்குத் 'தண்டுச் செல்கள்' என்று அவரே பெயர் வைத்துப் பேசினார். நல்ல சொல். கேட்டவர்களுக்கு உடனே புரிந்தது. ஆனால் உரைக்கு வந்திருந்த நிருபரின் நாளிதழில், ஸ்டெம் செல் என்பதற்கும் அதே சொல்லைத்தான் புழங்கிக்கொண்டிருந்தார்கள். எந்த உறுப்பாகவும் வளரக்கூடியது, தீராத நோயைத் தீர்க்கப்போவது என்று அப்போது எல்லாரும் பேசிக்கொண்டிருந்த அந்த ஸ்டெம் செல். இறந்து தாங்கும் செல்லும் புத்துயிர் தரும் செல்லும் ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் மாட்டிக்கொண்டன. 'திருவண்ணாமலை மலை மண்ணில் தண்டுச் செல்: பேராசிரியை கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தது. வேறு ஊர் மண்ணாக இருந்திருந்தால் யாரேனும் சந்தேகப்பட்டிருப்பார்கள். இந்த மலையின் மண்ணைப் பற்றி இந்த ஊரில் யார் சந்தேகப்படுவார்கள்?

அன்றே அவர் நாளிதழுக்கு மறுப்பு அனுப்பினார். அது வெளிவரவே இல்லை. சில வாரங்களில், செங்கம் சாலையில் தங்கும் விடுதிகளுக்கு நடுவே ஒருவர் அந்தச் செய்தியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, மண்ணைப் பொட்டலம் கட்டி விற்கத் தொடங்கினார்.

ஏழுமலை அந்தப் பொட்டலங்களில் ஒன்றோடுதான் வந்தார். கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் மணிலாக் கடலை பயிரிடும் விவசாயி. அவருடைய மகள் செல்விக்குத் தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழந்துகொண்டிருந்தன. கல்லூரியில் இரண்டாம் ஆண்டோடு படிப்பு நின்றுபோயிருந்தது. வாடகை வேனிலிருந்து அவளை மனைவியும் அவருமாகத் தாங்கி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"பால்ல கலந்து குடிக்கச் சொன்னாங்கம்மா. குடிச்சிட்டுதான் இருக்குது. பாப்பாவுக்கு ஒண்ணும் கேக்கல. கம்மியா இருக்குதோ என்னமோ, ஜாஸ்தி பண்ணலாமான்னு உங்களையே ஒரு வார்த்தை கேட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் ஏழுமலை.

ஏற்கெனவே வேலூர் மருத்துவமனையில் கொடுத்திருந்த மாத்திரைகள் என்னவாயின என்று மரகதம் கேட்டார். இரண்டும் ஒன்றாகச் சேரக்கூடாது என்று பொட்டலக்காரர் சொன்னதால் நிறுத்திவிட்டதாகத் தாய் சொன்னார். மரகதம் பொட்டலத்தை வாங்கி ஓரமாக வைத்தார். நாற்காலியை இழுத்துச் செல்வியின் எதிரே உட்கார்ந்தார்.

"இதுல மருந்து இல்லம்மா. நான் எந்த மருந்தும் கண்டுபிடிக்கல. பேப்பர்ல தப்பா போட்டுட்டாங்க."

ஏழுமலை நம்பவில்லை. பெரியவர்கள் தங்கள் கண்டுபிடிப்பை மறைப்பது இயல்பு என்பதுபோலக் கைகூப்பி நின்றார். செல்விதான் பேசினாள். "அப்ப நான் நடக்க மாட்டேனா மேடம்?"

"அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க வேலூர்ல இருக்காங்க. நிறுத்தின மாத்திரையை இன்னைக்கே திரும்பப் போடு."

வேன்காரர் வேறு சவாரி இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டிருந்தார். மரகதம் பிற்பகல் வகுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, அவர்களோடு கல்லூரி வாசலில் வேறு வேன் வரும்வரை உட்கார்ந்திருந்தார். ஏழுமலையின் மனைவி ஒரு கட்டத்தில் அவரை மிகக் கடுமையாகத் திட்டியதாகப் பின்னர் காவலாளி சொன்னார். மரகதம் என்ன செய்தார் என்று கேட்டேன். தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் காலை ஆய்வகக் கதவில், 'இங்கே மருந்து இல்லை' என்று அவரே எழுதி ஒட்டினார். அன்றே தாளாளர் அவரையும், கூட்டு ஆய்வாளன் என்ற முறையில் என்னையும் அழைத்தார். மாணவர் சேர்க்கைக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் குரலை உயர்த்தும் மனிதரல்லர்.

"மேடம், நாம எங்கயாவது பொய் சொன்னமா? பேப்பர்காரன் எழுதினான், ஜனங்க நம்புறாங்க. நீங்க சும்மா இருந்தா போதும். உங்களுக்கும் பேர்தானே?"

"அந்தப் பொண்ணு மாத்திரையை நிறுத்திடுச்சு சார். நான் எப்படிச் சும்மா இருக்கறது?" என்றார் மரகதம். பிறகு, "பேர் வேற யாருக்கோ வருது சார். என் பேர் மாதிரியே இருக்குது, அவ்ளோதான்" என்றார்.

கதவிலிருந்த தாள் அன்று மாலை கிழிக்கப்பட்டது. மறுநாள் அவர் மீண்டும் ஒட்டினார். அது மீண்டும் கிழிக்கப்பட்டது. இந்தப் போட்டி ஒரு பருவம் முழுவதும் நடந்தது. பிறகு ஆய்வகத்தின் பூட்டு மாற்றப்பட்டது. வாசலில் 'தண்டுச் செல் ஆய்வு மையம்' என்று பித்தளைப் பலகை வந்தது. உள்ளே பழுதான நாற்காலிகளை அடுக்கினார்கள். மண்ணும் உயிரிகளுமாய் இருந்த தட்டுகள் குப்பைக்குப் போயின. முதலாம் ஆண்டு வகுப்புகளை மட்டும் அவருக்கு ஒதுக்கினார்கள். ஒருமுறைகூட அவர் அந்தப் பலகையைத் தாண்டிப் போகையில் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. எழுத்துகளைப் படித்துக்கொண்டே போவார்.

பின்னர் அவருக்குப் புற்றுநோய் வந்தது. கடைசியாக நான் பார்க்கப் போனபோது, பக்கத்து வீட்டு அம்மாள் கட்டிலருகே உட்கார்ந்து, ஊருக்கே மருந்து கண்டுபிடித்தவர்களுக்கு இப்படியா என்று மாய்ந்துகொண்டிருந்தார். அந்த நிலையிலும் மரகதம், கண்டுபிடிக்கவில்லை என்பதைப் பொறுமையாக அவருக்கு விளக்கினார். அந்த அம்மாள் போன பிறகு மரகதம் என்னிடம் சொன்னார்: "இத்தனை வருஷம் உடம்புல எல்லாச் செல்லும் ஒழுங்கா நின்னுச்சு சார். ஒண்ணு மட்டும் மாட்டேன்னுடுச்சு. ஆச்சரியம் அந்த ஒண்ணு இல்ல. மத்ததெல்லாம் இவ்ளோ நாள் நின்னுச்சே, அதுதான்." சேகர் கஞ்சி கொண்டுவந்தார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

நேற்று தாளாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். வியாழக்கிழமை கல்லூரி அரங்கில் இரங்கல் கூட்டம். "நீங்கதான் சார் அவங்களுக்கு நெருக்கம். நீங்க பேசினாதான் நல்லாருக்கும். அந்தத் தண்டுச் செல் விஷயத்தை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

விடமாட்டேன் என்றேன்.

மரகதம் தன் கேள்விக்கு விடை காணவில்லை. அவருடைய ஆய்வு எந்தப் பெரிய இதழிலும் வரவில்லை. செல்வி இப்போது எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவருடைய தட்டுகளோ கண்ணாடித் தகடுகளோ என்னிடம் இல்லை, அவற்றை யாரும் எனக்கு விட்டுவைக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் 'இல்லை' என்று சொன்ன விதத்தை மட்டும்தான். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொன்னார். சொன்ன பிறகு எழுந்து போகவில்லை. வியாழக்கிழமை அவரால் வர இயலாது. ஆகவே நான் போய்ச் சொல்கிறேன்.